வளைந்த கையும் பந்து விதியும்

கொள்ளிடத்து மணலிற் பந்தாடும் சிறுவருள் ஒருவன் கைவளைத்து வீசுவானாயின், "எறிகிறான்!" என்று எதிர்க்கட்சியார் கூவுவர். கை வளைந்திருத்தலே குற்றமென்பது பலர் எண்ணம். அஃது உண்மையன்று.

கிரிக்கெட் விதியின்படி, வீசும் கை தோளளவு உயர்ந்தபின், பந்து கையைவிட்டு நீங்குமுன், மடங்கிய முழங்கை நிமிர்தலே குற்றமாம். மடங்கிய கை மடங்கியவாறே சுழலின் குற்றமில்லை.

இவ்வேறுபாட்டை உலகறியச் செய்தவர் கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரன். இவர்தம் பாட்டனார் 1920-ல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்று, பின்னர் மீண்டு நம் திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்தவர். முரளிதரனுக்குப் பிறவியிலேயே முழுதும் நீட்டலாகாத முழங்கை. பம்பரம்போற் சுழலும் மணிக்கட்டு. 1995 டிசம்பர் 26-ல் மெல்போர்னில் நடுவர் டாரல் ஹேர் இவர் வீச்சை ஏழு முறை 'நோ-பால்' என்றார். பின்னர் ஆய்வுக்கூடங்களிற் படக்கருவி கொண்டு வீச்சாளர் கைகளை அளந்தனர். ஐயத்திற்கிடமின்றி வீசுவோரெனக் கருதப்பட்ட பலர் கைகளும் சிறிது நிமிர்தல் அதனாற் புலனாயிற்று. ஆகவே 2005 முதல் 15 பாகை வரை நிமிர்தல் யாவர்க்கும் ஒப்ப அனுமதிக்கப்பட்டது. முரளிதரன் பொருட்டே விதி தளர்ந்ததென்பாரும் உளர். ஆயின் அளவுகோல் அனைவர்க்கும் ஒன்றே. 2010-ல் காலியில் அவர் தம் 800-ஆவது டெஸ்டு விக்கெட்டை வீழ்த்தினார்.

இவர்க்கு முன்னரே, இளமையிற் போலியோ நோயால் மெலிந்த வலக்கையைக் கொண்டே, மைசூர் பி. எஸ். சந்திரசேகர் 242 டெஸ்டு விக்கெட்டுகளை வீழ்த்தியதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

கண்டதைக் கூறிய நடுவர்மேற் பழியில்லை. கண்ணுக்கும் ஓர் எல்லையுண்டு. ஆதலின் நண்பர்காள், இனி ஒருவனை "எறிகிறான்" என்னுமுன், அவன் கை வளைந்ததோ என்று பாராது, நிமிர்ந்ததோ என்று பார்ப்போமாக.