குழிக்குள் வைத்த விளக்கு

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் பிரதேசத்தில் தண்ணீரைப் பற்றிய கவலை என்றால் அது தண்ணீர் இல்லாத கவலைதான் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த அநுபவம். ஜீவநதி எதுவும் ஓடாத இவ்வூருக்குக் குடிநீரே சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்து குழாய்வழி வரவேண்டியிருக்கிறது. ஆகையால் இங்கே ஜவுளிக் கடையோ கல்யாண மண்டபமோ கட்டுகிற ஒருவர், வாகனங்களை நிறுத்தத் தரைக்கடியில் ஒரு தளம் தோண்டி, ஜெனரேட்டரையும் மின்பலகையையும் அதன் மூலையில் நிறுத்திவிட்டால், அதைக் குறைகூற யாருக்கும் எளிதில் தோன்றுவதில்லை. சத்தம் மேலே கேட்காது. வாடகை வரக்கூடிய இடம் மிச்சமாகும். மழைதான் எங்கே பெய்கிறது?

அந்தக் கேள்விக்கு 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் வானமே விடை சொல்லிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாகி, கோவில்பட்டியையும் தன்னகத்தே கொண்ட தூத்துக்குடி மாவட்டம் வெள்ளக்காடாயிற்று. கரிசல் மண்ணின் சுபாவம் விசித்திரமானது. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் அம்மண், முதல் மழையை ஆவலோடு விழுங்கும். நனைந்து உப்பியதும் வெடிப்புகளை மூடிக்கொண்டு, அதன்பின் விழும் நீரை எளிதில் உள்ளே விடாது. நம் முன்னோர் இந்தக் குணத்தை அறிந்துதான் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டினார்கள். அதே மண்ணில் அதே ஆழத்துக்குத் தோண்டிய பள்ளத்தில், தண்ணீரைக் கண்டால் செத்துப்போகும் இயந்திரத்தை வைப்பவர்கள், தாம் வெட்டியதும் ஒருவகை ஊருணியே என்பதை மறந்துவிடுகிறார்கள்.

தரைக்கடியிலுள்ள நிறுத்துமிடத்தில் மின்சாரம் வெளிச்சத்துக்கு மட்டும் வேண்டியதென்று நினைப்பது பிழை. வாகனங்கள் கக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அதை வெளியேற்றும் விசிறி நின்றால், அங்கே இருப்பவர் தமக்கு நேரும் அபாயத்தை உணராமலே மயங்கிவிடக் கூடும். தீப்பற்றினாலோ, மேல்தளங்களில் ஜன்னல் வழி வெளியேறும் புகைக்குக் கீழ்த்தளத்தில் போக்கிடம் இல்லை. 1970-இல் முதலில் வெளிவந்து 2016-இல் திருத்தப்பட்ட இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, இதைக் கருதியே, தீ நேர்ந்தால் மணிக்கு 12 தடவை கீழ்த்தளத்தின் காற்று முழுவதையும் மாற்றும் சக்தி வேண்டுமென்றும், புகையை இழுக்கும் விசிறிகள் 250 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் 120 நிமிஷம் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றும் விதிக்கிறது. தீயணைப்பு பம்பு, புகைவிசிறி, லிப்ட், தீ எச்சரிக்கை மணி, வெளியேறும் வழியைக் காட்டும் விளக்கு ஆகிய இவற்றின் சுமை முழுவதையும் தாங்கவல்ல ஜெனரேட்டர், யாரும் கைவைக்காமல் தானே கிளம்ப வேண்டும். அவசர விளக்குகளோ குறைந்தது ஒன்றரை மணி நேரம் எரிய வேண்டும். கரிசல் ஊரில் இப்பட்டியலோடு சேர்த்து எண்ணவேண்டியது, பள்ளத்தில் தேங்கும் நீரை மேலே இறைக்கும் மோட்டார்.

இங்கேதான் சிக்கல் தன்னைத் தானே முடிச்சிட்டுக்கொள்கிறது. வெள்ளத்தை இறைக்க மோட்டார் வேண்டும். மோட்டார் ஓட மின்சாரம் வேண்டும். பெருமழையில் கம்பி மின்சாரம் அற்றுப்போனால் ஜெனரேட்டர் வேண்டும். அந்த ஜெனரேட்டரோ வெள்ளம் முதலில் வந்து சேரும் இடத்தில் குடியிருக்கிறது.

இந்த முடிச்சில் சிக்கியது நாம் மட்டுமல்ல. 2011 மார்ச் 11-ஆம் தேதி ஜப்பானில் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தைக் கடற்பேரலை தாக்கியபோது, கீழ்த்தளங்களிலிருந்த டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கின. நீர் எட்டாத இடத்தில் இருந்த இரண்டோ, அவற்றின் மின்பலகைகள் கீழே மூழ்கியதால், நனையாமலே பயனற்றுப்போயின. ஆறாவது உலைக்குரிய ஒன்று மட்டும் ஓடி, அதனையும் ஐந்தாவது உலையையும் காத்தது. ஜெனரேட்டரை மேலே ஏற்றிவிட்டுப் பலகையைக் கீழேயே விட்டுவைப்பவர்கள் நினைவில் கொள்ளவேண்டிய பாடம் இது. 2022 செப்டம்பர் 6-ஆம் தேதி தென்கொரியாவின் போஹாங் நகரில், வெள்ளத்துக்கு முன் காரை எடுத்துவிடலாம் என்று அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்துக்கு இறங்கியவர்களில் ஏழு பேர் மாண்டனர். சில நிமிஷங்களில் நீர் நிறைந்துவிட்டது.

வெள்ளம் வராத வருஷங்களிலும் கரிசல் மண் மின்காரரைச் சும்மா விடுவதில்லை. ஜெனரேட்டரின் உடலை இரு தனித்தனி இணைப்புகளால் எர்த் செய்யவேண்டுமென்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. மழைக்காலத்தில் ஈரக் கரிசலைப்போல மின்சாரத்தை இதமாக வாங்கிக்கொள்ளும் மண் அரிது. சித்திரையில் அதே மண் சுருங்கி வெடிக்கும்போது, எர்த் கம்பியின் மேனியை விட்டு விலகி, பிடி தளர்த்திவிடுகிறது. உப்பும் கரியும் இட்ட எர்த் குழியில் கோடைதோறும் குடம் குடமாக நீர் ஊற்றும் பழக்கம் மூடநம்பிக்கையன்று, மண்ணறிந்தவர்களின் விவேகம். கட்டடத்தைத் தெரு மின்சாரத்திலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சிலும் இதே கவனம் வேண்டும்: ஜெனரேட்டரின் மின்சாரம் தெருக் கம்பிக்குள் ஏறாதபடி அது தடுக்காவிட்டால், மின்சாரம் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளியின் உயிருக்கு அந்த மின்சாரமே எமனாகும்.

இவையெல்லாம் சரியாக அமைந்தும், மாதக்கணக்கில் கிளப்பப்படாத ஜெனரேட்டர், பாட்டரி செத்து, வேண்டிய நேரத்தில் வாய்பேசாது நிற்பதுண்டு. அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதி மாதந்தோறும் 30 நிமிஷம் சுமையோடு ஓட்டிப் பார்க்கச் சொல்கிறது. நம் ஊரில் சுமையில்லாமல் ஐந்து நிமிஷம் உறுமவிட்டு அணைப்பதையே சோதனை என்று கருதிவிடுகிறோம்.

புதிதாகக் கட்டடம் கட்டுகிறவர் என்ஜினியரிடம் எத்தனை கார் நிற்கும் என்று கேட்பது இயல்பு. அதோடு இன்னொன்றையும் அவர் கேட்கவேண்டும்: கீழே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது இங்கே எது ஓடிக்கொண்டிருக்கும்? பதில் சொல்லத் தயங்கினால், ஜெனரேட்டரையும் பலகையையும் படியேற்றித் தரைக்கு மேலே கொண்டுவரும் செலவை அப்போதே ஏற்றுக்கொள்வது நல்லது. ஊருணியில் தண்ணீர் நிறையும் நாள் எப்போதோ ஒருமுறைதான். அந்த ஒருநாளை எண்ணித்தான் நம் முன்னோர் அதை வெட்டினார்கள்.