வாயில்லாத ஜீவன்கள் – 9: வெடியூரில் வளரும் நாய்

பட்டாசையும் தீப்பெட்டியையும் தேசத்துக்கு அளித்த விருதுநகர்ச் சீமையேதான் இராஜபாளையம், சிப்பிப்பாறை என்று ஊர்ப்பெயராலேயே வழங்கும் இரண்டு உயர்ந்த வேட்டை நாய் இனங்களையும் அளித்திருக்கிறது என்பதைப் பலர் சேர்த்து நினைப்பதில்லை. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து சிவகாசியில் நிலைநாட்டினார்கள். மழை பொய்த்து மானாவாரி வெள்ளாமை கைவிட்ட கரிசல் பூமியில், எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தத் தொழிலும் அதன்பின் வளர்ந்த பட்டாசுத் தொழிலுமே சோறு போட்டு வந்திருக்கின்றன. ஆகையால் வெடியைப் பழிப்பது என் உத்தேசம் அன்று. வெடி செய்கிற ஊரில்தான், வெடியினால் வீட்டுப் பிராணிக்கு வரக்கூடிய அபாயத்தைப் பற்றிய ஞானமும் மற்ற ஊர்களைவிட மிகுந்திருக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

தொழிற்சாலைக்குள் அந்த ஞானம் விதியாகவே இருக்கிறது. அறைக்கு நான்கு பேருக்கு மேல் உட்காரக்கூடாது, தீப்பொறி எழுப்பும் இரும்புக் கருவி கூடாது, மருந்துக் கலவையை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும், வாசலில் தண்ணீரும் மணலும் வாளியில் நிறைந்திருக்க வேண்டும் என்றெல்லாம் கற்று, நாள்தோறும் அதன்படி நடக்க வேண்டியவர்கள், மாலையில் வீடு திரும்பிய பின் தங்கள் திண்ணையில் கிடக்கும் நாயின் விஷயத்தில் அந்த முன்யோசனையில் கால்பங்கு காட்டினாலும் போதும். எத்தனையோ மரணங்கள் நேராமலே போய்விடும்.

முதலில் சத்தம். மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். நாயின் காது ஏறத்தாழ 45,000 வரையும், பூனையின் காது 64,000 வரையும் கேட்கும். வெடிக்குமிடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்று 1999-ஆம் ஆண்டின் விதி வரம்பு கட்டியிருப்பது நம் செவியை உத்தேசித்துத்தானே தவிர, அவற்றின் செவியை உத்தேசித்து அன்று. தீபாவளி இரவில் தீக்காயம் பட்ட நாயைவிட, பயத்தினால் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி, லாரியில் அடிபட்டோ வழி தெரியாமலோ போகிற நாயைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுகிறேன். தமிழ்நாட்டில் சில ஆண்டுகளாகக் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று வெடிப்பதற்கு நேரம் குறிக்கிறார்கள். அது நமக்கு ஒரு சௌகரியம்: அதற்கு முன்பே நாயை வெளியே நடத்திக் கூட்டி வந்து, தீனி கொடுத்து, ஜன்னல் அடைத்த உள்ளறையில், மின்விசிறியும் வானொலியும் ஓட, குடிதண்ணீருடன் விட்டுவிடலாம். கழுத்துப் பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். பயந்து ஒண்டும் நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்று சொல்வது தவறு. தாராளமாய்த் தடவிக் கொடுங்கள். மிகவும் நடுங்கும் பிராணிக்கு மருந்துகள் உண்டு. அவற்றை ஒரு வாரம் முன்பே கால்நடை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். உடம்பை மட்டும் அசையாமற் செய்து மனத்தின் கிலியை அப்படியே விட்டுவைக்கும் மயக்க மாத்திரைகளும் இருப்பதால், கடையில் வாங்கிச் சுயமாகக் கொடுப்பது கொடுமையாய் முடியும்.

இராஜபாளையம் நாய்க்கு ஒரு விசேஷம் உண்டு. தூய வெள்ளை நிறத்துக்காகவே தேர்ந்து இனம் பெருக்கியதனால், அவற்றுள் சில பிறந்த சில வாரங்களிலேயே செவிடாகிவிடுகின்றன. நிறமளிக்கும் அணுக்கள் உட்செவிக்கும் அவசியம், அவை இல்லாத இடத்தில் கேள்வி நரம்பின் முனைகள் அழிந்துபோகின்றன. வெடிக்கு அஞ்சாத நாய் என்று சொந்தக்காரர் பெருமை கொள்ளும் அந்த நாய், பின்னால் வரும் மோட்டார் சைக்கிளின் ஓசையையும், நீங்கள் கூப்பிடும் குரலையும் கேட்பதில்லை. குட்டியாக இருக்கும்போதே பின்புறம் நின்று கைதட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கண்மாய் மரங்களில் கூடு கட்டிய நாரைகள் கலையக்கூடாது என்று பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அத்தனை பெரிய தியாகத்தை எல்லாரிடமும் நான் கேட்கவில்லை; தெருவில் கட்டிக் கிடக்கும் ஜீவனுக்குப் பக்கத்தில் அணுகுண்டைப் பற்றவைக்காமலிருப்பதைத்தான் கேட்கிறேன். வாலில் சரவெடி கட்டும் குரூரம் 1960-ஆம் ஆண்டின் மிருக வதைத் தடைச் சட்டப்படி குற்றம்.

தீக்காயத்துக்கு வருவோம். எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பைக் குழந்தை தரையில் எறிகிறது. கம்பியின் சிவப்பு அடங்கிவிட்டாலும் சூடு அடங்குவதில்லை. அதன்மேல் காலை வைத்த நாயின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தால், கறுத்த தடித்த தோலின் குறுக்கே வெளுத்த கோடொன்று ஓடியிருக்கும். பின்னர் அது கொப்புளமாகி உரியக்கூடும். எரிந்த கம்பியைப் போடுவதற்குத் தண்ணீர் வாளி ஒன்று வாசலில் இருந்தால் இது நேராது. நேர்ந்துவிட்டால், குறைந்தது பத்து நிமிஷம் குழாய்த் தண்ணீரைச் சன்னமாக ஓடவிடுங்கள். மையும் பற்பசையும் நெய்யும் தடவாதீர்கள். வலியில் உள்ள நாய் எஜமானனையும் கடிக்கும். துண்டைக் கிழித்து வாயைக் கட்டலாம், ஆனால் வாந்தியோ மூச்சுத் திணறலோ இருந்தால் கட்டவே கூடாது. பூனையைக் கனத்த துண்டில் சுருட்டி எடுங்கள்.

மறுநாட் காலைக் குப்பையில் வேறொரு அபாயம் கிடக்கிறது. பச்சை ஒளி தரும் பேரியம் நைட்ரேட் வயிற்றுக்குள் போனால், இரத்தத்திலுள்ள பொட்டாசியம் குறைந்து, வாந்தியும் பேதியும் கண்டு, தசைகள் துவண்டு, இதயத் துடிப்பே தடுமாறும். தீக்குச்சி மருந்திலுள்ள குளோரேட் இரத்தத்தைக் கெடுத்து ஈறுகளைப் பழுப்பாக்கும். உப்புத் தண்ணீரும் புளிக்கரைசலும் புகட்டி வாந்தி எடுக்க வைப்பது நம்மவர் வழக்கம். அவை இரண்டுமே நாய்க்கு விஷமாகக்கூடும். கடித்த பட்டாசின் மேலுறையை எடுத்துக்கொண்டு நேரே மருத்துவரிடம் ஓடுங்கள். பேரியத்தைக் கரையாத பொருளாக மாற்றும் உப்பும், நாளத்தில் செலுத்தும் பொட்டாசியமும் அவரிடம் இருக்கும்.

பண்டிகை அல்லாத நாளிலும் இந்தச் சீமையில் வெயில் ஓயாத எதிரி. நாயின் இயற்கை உஷ்ணம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணத் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி விசிற வேண்டும். ஈரச் சாக்கைப் போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். ஆழ்ந்த மார்புடைய வேட்டை நாய்க்கு வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளிவராமல் தவித்தால், இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டும். கடுவன் பூனை சிறுநீர் கழிக்க முக்கி முக்கித் தோற்றாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். காய்ச்சல் என்று எண்ணிப் பூனைக்கு ஒரு பாராசிட்டமால் மாத்திரை கொடுத்தீர்களானால், அந்த ஒன்றே அதைக் கொல்லப் போதும்.

எதிலும் சந்தேகம் வந்தால் உதட்டைத் தூக்கி ஈற்றை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்காவிட்டால், காலை வரை பொறுக்கலாம் என்ற யோசனையே வேண்டாம்.

பண்டிகை இரவில் மருத்துவரைத் தேடி அலைவதைவிட, இந்த வாரமே உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குப் போய், எந்த நேரம் திறந்திருக்கும், இரவில் யாரைக் கூப்பிடுவது என்று விசாரித்து வாருங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற எண்ணையும் சேர்த்து, வீட்டுக் காலண்டரின் ஓரத்திலேயே எழுதி மாட்டிவிடுங்கள்.