ஒரு பானையில் இராவுணவு



பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் தாயின் முன்னால் வந்து நிற்கும் முதற் கேள்வி, "இரவுக்கு என்ன சாப்பாடு?" என்பதே. பேசாலையில் கருவாடு காயவைக்கும் பெண்ணும், கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களில் களை பிடுங்கும் பெண்ணும், மன்னார் நகரத்துக் கந்தோரிலும் பாடசாலையிலும் பணியாற்றும் பெண்ணும் பொழுது சாயும் வேளையிலேயே அடுப்படிக்கு வருகின்றனர். சோறு ஒன்று, குழம்பு ஒன்று, சொதி ஒன்று, சுண்டல் ஒன்று என நான்கு பாத்திரங்களை ஏற்றி இறக்கி முடிப்பதற்குள், சிறு பிள்ளைகள் உண்ணாமலே உறங்கிவிடுவதும் உண்டு. மறுநாட் காலையில் அப்பிள்ளை வகுப்பறையில் எவ்வாறு அமர்ந்திருக்கும் என்பதை ஆசிரியர் எவரும் அறிவர். இந்நிலைக்கு நமது கரையோரத்து முன்னோர் கண்ட வழி ஒன்று இருக்கிறது. உணவு முழுவதையும் ஒரே பானையில் ஆக்கி இறக்குவதே அவ்வழி.

ஒரு பானைச் சமையலை வறுமையின் அடையாளமாகக் கருதும் வழக்கம் நம்மிடையே எப்படியோ புகுந்துவிட்டது. உலகம் அவ்வாறு கருதவில்லை. இறைச்சியையும் கிழங்கையும் காய்கறியையும் ஒன்றாக வேகவைக்கும் 'போத்தோஃபே' பிரெஞ்சு மக்கள் பெருமை பாராட்டும் உணவு. குளிர்காலத்தில் ஒரே சட்டியைச் சுற்றிக் குடும்பத்தார் அமர்ந்து உண்ணும் 'நாபே' யப்பானியரின் விருப்பத்துக்குரியது. இவற்றோடு ஒப்ப வைக்கத்தக்கது நமது ஒடியற்கூழ்.

ஒடியல் என்பது யாது? பனம்விதையைப் பாத்தியிட்டு, முளைத்த கிழங்கைக் கிண்டியெடுத்து, அவிக்காமல் பிளந்து வெயிலில் உலர்த்தினால் கிடைப்பது ஒடியல். அவித்து உலர்த்தினால் அது புழுக்கொடியல். ஒடியலை இடித்து அரித்த மாவே கூழுக்கு அடிப்படை. மழை குறைந்த மன்னார் மணலிலும் பனை தளராது நிற்பதால், கடல் தரும் மீனும் பனை தரும் மாவும் ஒரே பானையில் சேர்ந்தன. ஒடியல் மாவுக்கு இயற்கையாகவே ஒரு கசப்பு உண்டு. நீரில் ஊறவைத்து, மா அடியில் படிந்ததும் மேல்நீரை வடித்து ஊற்றிவிடுவதே அதனைப் போக்கும் முறை. இதனை ஒருபோதும் தவிர்த்தல் ஆகாது.

பண்டிகைக் கூழுக்கு நண்டும் இறாலும் கணவாயும் வேண்டும். அவற்றைத் துப்புரவு செய்யவே அரை நாள் செல்லும். வேலைநாட் கூழுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. ஒரு வகை மீன், ஒரு கிழங்கு, ஒரு காய், ஒரு கீரை போதும். ஐவர் உள்ள குடும்பத்துக்கு ஒரு சுண்டு ஒடியல் மா தாராளம்.

இச்சமையலின் சூட்சுமம் முழுவதும் வரிசையில் இருக்கிறது. கடினமானது முதலில், மென்மையானது பின்னால் என்பதே விதி. வீட்டுக்கு வந்ததும் மாவை நீரில் ஊறப்போடுங்கள். பானையில் நீர் கொதித்ததும் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, தோல் நீக்கிய மரவள்ளிக்கிழங்கு ஆகியவற்றை இடுங்கள். மரவள்ளியில் சயனைட்டு நஞ்சை உண்டாக்கும் பொருள் சிறிதளவு இருப்பதால், பானையை மூடாமல் வேகவிடுவது நன்று; நஞ்சு ஆவியோடு வெளியேறிவிடும். கிழங்கு பாதி வெந்ததும் பயற்றங்காயையும் மீன் தலையையும் சேருங்கள். காயும் கிழங்கும் நன்கு வெந்த பின்னரே புளியைக் கரைத்து விடவேண்டும். முன்னரே விட்டால் புளிப்பானது காய்கறி இளகுவதைத் தாமதப்படுத்தும். விறகும் நேரமும் வீணாகும்.

அடுத்து, அரைத்த செத்தல் மிளகாயும் மஞ்சளும் உப்பும். அதன் பின் மீன் துண்டுகள். மீனின் சதை ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்று இறுகியதன்று. சில நிமிடங்களில் வெந்துவிடும். பிள்ளைகளுக்கெனில் திருக்கை போன்று சிறுமுள் இல்லாத மீனைத் தெரிந்துகொள்ளலாம். இறுதியில், நீர் வடித்த மாவைக் கரைத்து ஊற்றி, கட்டிபடாமல் அகப்பையால் துழாவிக்கொண்டே பத்து நிமிடங்களுக்குக் குறையாமல் மெல்லிய தீயில் கொதிக்கவிடுங்கள். இறக்கும் தறுவாயில் ஒரு கை முருங்கையிலை. பனையோலைப் பிளாவில் வார்த்துக் குடித்தால் அதற்கு ஈடில்லை. கிண்ணத்தில் குடித்தாலும் குறைவில்லை.

மீன் உண்ணாத நாட்களுக்கு மற்றொரு வழி உண்டு. சைவர்களின் வெள்ளிக்கிழமைகளில் பயற்றங்கஞ்சி கைகொடுக்கும். ஒரு சுண்டு அரிசிக்கு அரைச் சுண்டு வறுத்த பாசிப்பயறு. பயறு முதலில், அரிசி பின்னர், உள்ளியும் மிளகும் அதன் பின். எல்லாம் குழைந்ததும் தேங்காய்ப்பாலை விட்டு, ஒரு கொதி வருமுன் இறக்கவேண்டும். பெருந்தீயில் கொதித்தால் பால் திரிந்துவிடும். அரிசியின் புரதத்தில் 'லைசீன்' என்னும் கூறு குறைவு. பயற்றில் அது மிகுதி. பயற்றில் குறைந்தது அரிசியில் உண்டு. இரண்டும் கூடும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிறைக்கிறது. நமது முஸ்லிம் சகோதரர் நோன்பு மாதத்தில் பள்ளிவாசல்களில் காய்ச்சி வழங்கும் நோன்புக்கஞ்சியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஒரு பானை உணவுக்குச் சமய பேதம் கிடையாது.

முருங்கையிலையில் இரும்புச்சத்தும் உயிர்ச்சத்து 'ஏ' ஆக மாறும் பொருளும் உள்ளன. பின்னது உடலிற் சேரக் கொழுப்பு வேண்டும்; தேங்காய்ப்பால் அதனைத் தருகிறது. இரும்புச்சத்து சேர்வதற்கு உயிர்ச்சத்து 'சீ' துணைபுரியும். அது தீயில் அழிவதால், தேசிக்காய்ச் சாற்றைப் பானையை இறக்கிய பின்னரே பிழியவேண்டும். உணவோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தேயிலையின் துவர்ப்பு இரும்புச்சத்தைத் தடுக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் தீங்கில்லை.

கடலுக்குப் போகமுடியாத நாட்களும் நமக்குண்டு. சோழகம் வீசினால் தென்கடல் கொந்தளிக்கும். வாடை வீசினால் வடகடல் கொந்தளிக்கும். அந்நாட்களில் கருவாடு உதவும். அதனை வெந்நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் பானையில் இடுங்கள். வேறு உப்புச் சேர்க்கவேண்டாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவோடு உண்பது நலம்.

இனி எரிபொருளைப் பற்றி ஒரு வார்த்தை. 2022ஆம் ஆண்டில் வெறும் எரிவாயுச் சிலிண்டர்களோடு மக்கள் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. மண்ணெண்ணெய் இயந்திரப் படகுகளை நம்பிய கரையோர மக்களுக்கு அது அடுப்பிலும் கடலிலும் ஒருசேர விழுந்த அடி. நான்கு பாத்திரம் ஏற்றிய வீட்டுக்கும் ஒரு பானை ஏற்றிய வீட்டுக்கும் உள்ள வேறுபாடு அப்பொழுது நன்கு விளங்கிற்று.

இன்னும் மிச்சம் பிடிக்க ஒரு வழி, வைக்கோற் பெட்டி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் எரிபொருள் சிக்கனத்துக்காக இதனைக் கையாண்டனர். பயற்றங்கஞ்சியைப் பத்து நிமிடம் நன்கு கொதிக்கவிட்டு, மூடி, தீயிலிருந்து இறக்கி, வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் வைத்துச் சாக்கினால் போர்த்திவிட்டால், தன் சூட்டிலேயே அது வெந்துவிடும். தேங்காய்ப்பாலை உண்ணும் வேளையில் சேர்த்துச் சூடாக்கினாற் போதும். மீன் உணவுக்கு இம்முறை ஏற்றதன்று.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வெயிலில் கிடந்த கும்பிளா, சூரை போன்ற மீன்களில் உண்டாகும் நச்சுப்பொருள் கொதித்தாலும் அழியாது. ஆகவே புதிய மீனையே வாங்குங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் மீன்கூழை மறுநாளுக்கு வைக்கவேண்டாம்.

அன்பர்களே, ஒரு பானைச் சமையலின் மிகப் பெரிய இலாபம் விறகன்று, நேரமே. அந்த நேரம் தாய்க்கு ஓய்வாகவும் பிள்ளைக்குத் தாயோடு பேசும் பொழுதாகவும் மாறவேண்டும். அதற்குத் தந்தையரும் ஒரு கை கொடுக்கவேண்டும். முருங்கையிலை உருவவும், கிழங்கு சீவவும், கூழைத் துழாவவும் ஆண்களின் கைகளுக்கும் நன்றாகவே வரும். எல்லோரும் கூடி ஆக்கிய பானையைச் சுற்றி எல்லோரும் கூடி அமர்ந்து, பிள்ளைகள் உறங்குமுன் உண்டு முடிப்போமாக.