பல்லைத் தாங்கும் என்பு

பல்லுக்கு முத்தை உவமை சொல்வது புலவர் வழக்கம். முத்து சிப்பிக்குள் தனியே கிடக்கும். பல்லோ தாடை என்பிலுள்ள குழியில் வேரூன்றி நிற்கும். அந்த என்பு தேய்ந்தால் சொத்தையில்லாத பல்லும் ஆடும்.

நம் என்புகள் நாளும் கரைந்து நாளும் கட்டப்படுபவை. மாதவிடாய் நின்ற பின் ஈஸ்திரஜன் ஓமோன் குறைவதால், கட்டப்படுவதைவிடக் கரைவது அதிகமாகிறது. என்பு சல்லடை போலாகிறது. இதுவே 'ஒஸ்டியோபொரோசிஸ்' எனும் என்புத் தேய்வு நோய். வலி தெரியாது. இடுப்போ மணிக்கட்டோ முறிந்த பிறகே பலர் அறிகிறார்கள். தாடையும் இதற்கு விலக்கல்ல. பல் வைத்தியரின் எக்ஸ்ரே படத்தில் கீழ்த்தாடையின் ஓரம் மெலிந்து தெரிந்தால், மற்ற என்புகளையும் பரிசோதிக்க அது ஒரு காரணமாகலாம்.

ஆனால் ஆடும் பல்லுக்கெல்லாம் என்புத் தேய்வு காரணமன்று. முரசு நோயைத் தொடக்குபவை பல்லிடுக்கில் படியும் பற்றீரியாக்கள். மூத்தம்மாமாரின் வெற்றிலைத் தட்டத்தைக் குறை சொன்னால் கோபம் வரும்; என்றாலும் பாக்கும் புகையிலையும் முரசுக்குப் பகை என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

பெற்றோர் கட்டாயம் அறிய வேண்டியது வேறொன்று. இந்நோய்க்குக் கிழமைக்கு ஒருமுறை தரப்படும் அலென்ட்ரோனேற் போன்ற குளிசைகள் என்பு கரைவதைத் தடுக்கின்றன. ஆனால் பல் பிடுங்கிய புண் ஆறுவதற்கும் என்பு கரைந்து புதிதாகக் கட்டப்பட வேண்டும். அது தடைப்பட்டால் சிலருக்குப் புண் ஆறாமல் தாடை என்பு வெளியே தெரியும். 2003 இல் அமெரிக்க மருத்துவர் ரொபர்ட் மார்க்ஸ் இத்தகைய 36 பேரைப் பற்றி எழுதினார். அவர்களிற் பெரும்பாலோர் புற்றுநோய்க்காக இவ்வகை மருந்தை ஊசியாகப் பெற்றவர்கள். என்புத் தேய்வுக்குக் குளிசை எடுப்போரிடம் இது மிக அரிது. ஆகவே பயந்து குளிசையை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் இடுப்பு முறியும் ஆபத்தே பெரிது. குளிசை தொடங்குமுன் பல்லைக் காட்டி, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிவிடுவது நல்லது. ஏற்கனவே எடுப்பவர் பல் வைத்தியரிடம் போகும்போது குளிசை அட்டையையும் கொண்டு போகட்டும்.

மாணவியரே, இது பாட்டிமாரின் நோயென்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உடலின் என்புச் சேமிப்பு பெரும்பாலும் இருபதுகளிலேயே நிறைந்துவிடும். பாலும் தயிரும், முள்ளோடு மென்று தின்னும் நெத்தலியும், கீரையும் கல்சியம் தரும். கயிறடித்துத் துள்ளுவதும் என்பை உறுதியாக்கும். கல்சியத்தை உடல் உறிஞ்ச விற்றமின் டி தேவை; அதை வெயில் பட்ட தோல் தயாரிக்கிறது. மதிலால் மறைந்த வீட்டு முற்றத்தில் சிறிது நேரம் வெயிலில் நிற்கலாம். அதற்கும் வாய்ப்பில்லாதவர்கள் விற்றமின் டி குளிசை தேவையா என்று வைத்தியரிடம் கேட்கலாம்.