மணலில் மறைந்த கதிர்

ஞாயிற்றின் ஒளியைக் கண் காண்கிறது. தீயின் வெம்மையை உடல் உணர்கிறது. ஆயின், எப்புலனுக்கும் எட்டாத கதிர்களும் உலகில் உள. அவற்றுள் சில விண்ணிலிருந்து வருகின்றன. சில மண்ணிலிருந்தும் வீட்டுச் சுவர்களிலிருந்தும் எழுகின்றன. உண்ணும் உணவிலும் உயிர்க்கும் காற்றிலும் சில கலந்துள்ளன. இக்கதிர்களின் வீச்சினை அளக்கும் அலகுக்கு மில்லிசீவர்ட் என்பது பெயர். உலக மக்களுள் ஒருவர் ஓராண்டில் இயற்கையிலிருந்து பெறும் அளவு சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் ஆகும். வடசென்னை வியாசர்பாடியில் வேலை முடித்து வீடு திரும்பும் தொழிலாளியும், குமரிக் கடலில் வலை வீசும் மீனவரும் இயற்கையின் இக்கதிர்களுக்கு விலக்கானவர் அல்லர்.

மிகுந்த கதிர்வீச்சு தீங்கு விளைப்பது என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. 1945ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஜப்பான் நாட்டின் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களின்மீது அணுகுண்டுகள் வீசப்பட்டன. அவற்றினின்றும் உயிர் தப்பியோர் உள்ளிட்ட ஏறத்தாழ 1,20,000 மக்களின் உடல்நிலையை 1950 முதல் அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர். மிகுதியான கதிர்வீச்சுக்கு ஆளானோரிடையே புற்றுநோயும் மிகுந்திருந்தமை இவ்வாராய்ச்சியால் புலனாயிற்று.

சிறிய அளவு கதிர்வீச்சு என்ன செய்யும்? கருத்து வேறுபாடு இங்கேதான் தோன்றுகின்றது. அளவு குறையக் குறையத் தீங்கும் குறையுமேயன்றி, அறவே ஒழியாது என்பர் ஒரு சாரார். ஒரு வரம்புக்கு உட்பட்ட சிதைவை உடல் தானே செப்பனிட்டுக்கொள்ளும். ஆதலின் அஞ்ச வேண்டுவதில்லை என்பர் மற்றொரு சாரார்.

இவ்வழக்கு எளிதில் தீராமைக்குக் காரணம் யாது? நூறு பேர் ஒவ்வொருவரும் 100 மில்லிசீவர்ட் கதிர்வீச்சைப் பெற்றனர் எனக் கொள்வோம். அவர்களுள் 42 பேர்க்குப் பிற காரணங்களால் தம் வாழ்நாளில் புற்றுநோய் வரக்கூடும் என்றும், கதிர்வீச்சின் காரணமாக மேலும் ஒருவருக்கு வரக்கூடும் என்றும் அமெரிக்க நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2006இல் கணித்துரைத்தது. அந்த ஒருவர் யாவர் என எவ்வாறு அறிவது? கதிரால் வந்த நோய்க்குத் தனி அடையாளம் இல்லை. அளவு சிறிதாகுந்தோறும் ஆராயப்பட வேண்டிய மக்கள்தொகை பெருகும். 1,000 மில்லிசீவர்ட்டின் விளைவைக் காண 500 பேர் போதுமெனின், 100 மில்லிசீவர்ட்டுக்கு 50,000 பேரும், 10 மில்லிசீவர்ட்டுக்கு 50 இலட்சம் பேரும் வேண்டும். ஆலை இரைச்சலினிடையே சிறுமணியின் ஓசையைப் பிரித்தறிவது போன்றதே இம்முயற்சி.

ஆதலின், இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த இடத்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் மக்களை அறிஞர்கள் நாடினர். அத்தகைய நிலப்பகுதி தென்னாட்டிலேயே உளது. 1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டு என்னும் கனிமத்தைக் கண்டார். விளக்கின் மாண்டில் செய்யப் பயன்படும் தோரியம் அதில் அடங்கியிருந்தது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும், கேரளத்துக் கொல்லம் மாவட்டக் கடற்கரையிலும் இம்மணல் மிகுதியாகக் கிடைக்கிறது. தோரியம் கதிரியக்கம் உடையது. எனவே, இக்கரைகளில் சிலவிடங்களில் கதிர்வீச்சு உலகச் சராசரியினும் பன்மடங்கு மிகுந்துள்ளது.

கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில் வாழும் மக்களைத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர் ஆராய்ந்தனர். ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு மேல் கண்காணித்து, 2009இல் முடிவை வெளியிட்டனர். 2005 இறுதி வரை 1,379 பேர்க்குப் புற்றுநோய் கண்டிருந்தது; எனினும், கதிர்வீச்சு மிகுந்த இடங்களில் நோய் மிகுந்ததாகத் தெரியவில்லை.

இதனோடு வழக்கு முடிந்துவிட்டதா? இல்லை. கேரளக் கடற்கரையில் டௌன் நோய்க்குறி என்னும் பிறவிக் குறைபாடு மிகுந்துள்ளது என 1976இல் ஓர் ஆராய்ச்சி கூறியது. பின்னாளில் பல்லாயிரம் பச்சிளங் குழந்தைகளை ஆராய்ந்தோர், பிறவிக் குறைபாடுகளில் அத்தகைய வேறுபாட்டைக் கண்டிலர். 2002இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, தாய்வழி வரும் மரபுப் பொருளில் மாற்றங்கள் மிகுந்திருப்பதைக் காட்டியது. ஆயினும், மாற்றம் என்பதே நோய் ஆகிவிடாது. பிரான்சு, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் அணுத்தொழிலாளர் மூன்று இலட்சம் பேரைப் பற்றி 2023இல் வெளியான ஆராய்ச்சியோ, சிறிது சிறிதாகச் சேரும் கதிர்வீச்சும் புற்றுநோயை மிகுவிக்கிறது எனக் கூறியது.

இவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது? ‘தீங்கு காணப்படவில்லை’ என்பது வேறு. ‘தீங்கு இல்லை’ என்பது வேறு. சிறிய தீங்கு, ஆராய்ச்சியின் வலைக்கண் வழியே நழுவியும் போகலாம். அவ்வாறே, புகையிலைப் பழக்கம் முதலிய பிற காரணங்களைக் கழித்துக் காணாது, கதிர்வீச்சின்மீது பழி சுமத்துவதும் நேரிய முடிவாகாது.

உண்மை முற்றும் விளங்கும்வரை செயலற்று இருத்தல் இயலாது அன்றோ? ஆகவே, தீங்கு உண்டு எனக் கொண்டே சட்டங்கள் வகுக்கப்பட்டுள்ளன. இயற்கையும் மருத்துவமும் தருவன நீங்கலாகப் பொதுமக்கள் ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேற்படாமலும், கதிரியக்கப் பணியாளர் சராசரியாக 20 மில்லிசீவர்ட்டுக்கு மேற்படாமலும் காக்கப்பெறுதல் வேண்டும். அதேபோழ்து, மார்பின் எக்ஸ்ரே படம் ஒன்றினால் உடல் பெறுவது, ஏறக்குறைய பதினைந்து நாள்களில் இயற்கை தரும் அளவே ஆகும். அதற்கு அஞ்சிக் காசநோயைக் கண்டறியாமல் விடுவது, சிறிய ஐயத்திற்காகப் பெரிய கேட்டினை விலைகொடுத்து வாங்குவதை ஒக்கும்.

தேவையற்ற கதிர்வீச்சைச் சிறிதாயினும் விலக்குதலும், தேவையானதை அளவறிந்து ஏற்றலுமே அறிவுடைமை. அளவறியாத அச்சமும் கேடு. அளவறியாத துணிவும் கேடு. இரண்டினுக்கும் இடையே நின்று, சான்றுகளைச் சீர்தூக்கி, புதிய சான்று கிடைக்குந்தோறும் முடிவைத் திருத்திக்கொள்வதே அறிவியல் காட்டும் நெறியாகும்.