டிராயிங் பீரியடில் கணக்கு டெஸ்ட்!

"அம்மா, இன்னிக்கும் டிராயிங் பீரியடுல கணக்கு டெஸ்ட்டும்மா!"

பையை மூலையில் போட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள் என் சின்னவள். அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. வாரத்தில் ஒரே ஒரு டிராயிங் பீரியட். அதையும் அந்தப் பருவம் முழுக்கக் கணக்கே விழுங்கிவிட்டது.

இவரிடம் சொன்னேன். "கணக்கு வந்தாப் போதும். படம் வரைஞ்சு என்ன ஆகப்போகுது?" என்றார். பத்தாவதோடு நின்றவள் நான். அன்று பதில் சொல்லத் தெரியவில்லை.

மார்கழியில் வாசலில் பதில் கிடைத்தது. 7 புள்ளி, இடைப்புள்ளி 4 வரை வைத்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். "மொத்தம் எத்தனை புள்ளிடி?" என்று சும்மாதான் கேட்டேன். ஒவ்வொன்றாக எண்ணுவாள் என்று நினைத்தேன். "மேலே 4, 5, 6... பதினஞ்சு. கீழேயும் அதே பதினஞ்சு. நடுவுல ஏழு. முப்பத்தேழும்மா!" என்றாள். "நேர்ப்புள்ளி 7, ஒன்று வரைன்னா?" ஒரு நிமிஷம் யோசித்து, "இருபத்தஞ்சு" என்றாள். நோட்டில் கூட்டல் என்றால் அழுகிற பெண்!

சின்னக் குழந்தைகளுக்கும் அப்படித்தான். களிமண் உருட்டி, பூக்கோத்து, கிறுக்கிப் பழகிய விரல்தான் பென்சிலைச் சரியாகப் பிடிக்கும். வளைவு பழகாத கைக்கு 'ண'வும் 'ஞ'வும் எப்படி வரும், சொல்லுங்கள்? தமிழ்நாட்டில் 2022-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஆரம்பித்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாவற்றையும் பாடத்துக்குள்ளேயே வைத்தது இதனால்தான்.

உடனே, 'அப்போ டெஸ்ட்டே வேண்டாமா?' என்று சண்டைக்கு வராதீர்கள். இன்னொரு பக்கத்தையும் பார்த்தவள் நான்.

பக்கத்து வீட்டுப் பையன் ஆறாவது படிக்கிறான். அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய கலைத் திருவிழா தெரியுமல்லவா? பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டி நடக்கும். அதில் இவன் நாடகத்தில் ராஜா வேஷம். மூன்று வாரம் ஒத்திகை. என்ன குரல், என்ன மிடுக்கு! சான்றிதழோடு ஓடி வந்தான். "அத்தை, இதுல என்ன எழுதியிருக்கு?"

விளையாடுகிறான் என்று நினைத்தேன். இல்லை. அவன் பெயரைத் தவிர வேறு எதையும் அவனால் படிக்க முடியவில்லை. வசனத்தையெல்லாம் காதால் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறான். கொரோனா காலத்தில் பள்ளி வாசலையே பார்க்காமல் வகுப்பு ஏறிய பிள்ளை. மேடையில் கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2012-ல் ஓவியம், தையல், உடற்கல்வி போன்றவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் 16,000 பேருக்கு மேல் நியமித்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள்தான் வேலை. அதுவும் ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு. தொடக்கப் பள்ளியில் வகுப்பு டீச்சரேதான் பாட்டு, படம், கணக்கு எல்லாம். நேரம் போதாதபோது எதில் கை வைப்பார்? படத்தில்தான்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் மார்க்கை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். "டிராயிங் பீரியட் நடக்குதா டீச்சர்?" என்றும் கேளுங்கள். பிள்ளை மேடை ஏறினால், வசனத்தை அவனே படித்தானா என்றும் பாருங்கள். நான் இரண்டையும் கேட்டேன். இப்போது மாதத்தில் இரண்டு டிராயிங் பீரியடாவது கிடைக்கிறது.

அந்தப் பையனுக்கு ஒரு காரியம் செய்தேன். அவன் ராஜா வசனத்தையே பெரிய எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். வாய்க்குத் தெரிந்த வசனம்தானே? விரல் வைத்துக்கொண்டே தினமும் சாயந்தரம் அரை மணி நேரம் சொல்ல வைத்தேன். முதல் வாரம் விரல் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். ஐந்தாவது வாரம் திடீரென்று நிறுத்தினான்.

"அத்தை, இங்க 'மந்திரி'யில 'தி' விட்டுட்டீங்க."

ஆமாம், விட்டிருந்தேன்.