குஞ்சு சோர்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள

போன ஐப்பசி அடைமழையில் 100 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் விட்டிருந்தேன். மூணாவது வாரம் ரத்தக்கழிச்சல் வந்து 38 குஞ்சு போச்சு. கிருமி வயிற்றுக்குள் போய் நாலைந்து நாள் கழித்துத்தான் எச்சத்தில் ரத்தம் தெரியும். நாம் பார்க்கிற அன்றைக்கு நோய் பாதிக் கொட்டகையில் பரவியிருக்கும்.

பெரிய பண்ணைகளில் கேமரா, கோழி இருமலைக் கேட்கும் மைக் என்றெல்லாம் வைக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் சின்ன டிஜிட்டல் சென்சார் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரவில் எவ்வளவு குறைந்தது, பகலில் எவ்வளவு ஏறியது என்று நினைவில் வைத்துக்கொள்வதாகப் பார்த்து வாங்குங்கள். அதைச் சுவரில் மாட்டாதீர்கள். பல்புக்கு நேர் கீழேயும் வேண்டாம். குஞ்சின் முதுகு உயரத்தில் தொங்கவிடுங்கள்.

முதல் வாரம் சுமார் 35 டிகிரி இருக்கணும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். அடுத்த தடவை குஞ்சு விட்டபோது, ஒருநாள் காலையில் பல்பு எரியுது, குஞ்சும் நல்லாத்தான் இருக்கு. ஆனா சென்சாரில் இரவுக் குறைவு 24 என்று இருந்தது. ராத்திரி கரண்ட் போய் வந்தது எனக்குத் தெரியவே இல்லை. அன்றிலிருந்து கரித்தணல் போட்ட மண்பானை தயாராக இருக்கு. புகை அடங்கிய தணலாக இருக்கணும், காற்றோட்டமும் வேணும்.

ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ஆழ்கூளம் நசநசக்கும். ரத்தக்கழிச்சல் கிருமிக்கு அதுதான் விளைநிலம். கூளத்தைக் கிளறிவிடுங்கள், ஈரமானதை அள்ளிவிட்டுக் காய்ந்த உமி போடுங்கள். உள்ளே போனதும் கண் எரிந்தால் அம்மோனியா ஏற்கெனவே அதிகம் என்று அர்த்தம்.

மூணாவது அளவுக்குச் செலவே கிடையாது. தினமும் ஒரே நேரத்தில் தண்ணீரை அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தை அளந்து எழுதுங்கள். குஞ்சு தின்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு குடிக்கும். வெயிலில் இன்னும் கூடும். நாலாவது வாரத்தில் தினம் 6 லிட்டர் குடித்த குஞ்சுகள் ஒருநாள் நாலரை லிட்டர்தான் குடித்தன. சென்சாரைப் பார்த்தேன், வெப்பம் குறையவில்லை. உட்கார்ந்து கவனித்தபோது, கூளம் நனைந்த மூலையில் 2 குஞ்சுகள் சிறகை உப்பிக்கொண்டு நின்றன. தனியே பிரித்து, எச்சத்தை எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகம் போனேன். ரத்தக்கழிச்சலின் ஆரம்பம் என்றார் டாக்டர். அவர் சொன்ன மருந்தைக் கொடுத்தோம். இந்தத் தடவை செத்தது 3.

கருவி நோயின் பெயரைச் சொல்லாது. ‘போய்ப் பாரு’ என்று மட்டும் சொல்லும். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசியை உரிய நாளில் போட்டே ஆகணும், எந்தச் சென்சாரும் அதற்கு ஈடாகாது. கருவி வாங்கக் காசு இல்லையென்றால் பரவாயில்லை. ஒரு நோட்டும் அளவு ஜாடியும் போதும், நாளைக் காலையிலேயே தண்ணீரை அளக்கத் தொடங்குங்கள்.